பெட்டியில் வைக்கக் கூடாதது

— பொட்டு வைக்க முடியாது மதினி, சொல்லிட்டேன். அங்கன வந்துட்டு அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது.

— நான் எங்க லச்சுமி வைக்கிறேன்?

— அதில்ல, பொதுவாச் சொன்னேன். மஸ்கட்டுக்கு வேலைக்கு வாரேன்னு கேக்குற பொம்பளைக எல்லார்ட்டயும் மொத இதத்தான் சொல்லுவேன். வாயி பழக்கத்துல வந்துருச்சு.

— சரி. அந்தச் சேவுப் பொட்டலத்த இங்கிட்டுத் தள்ளு. நீ கட்டுனா பிளேன்ல போயி எறங்குறதுக்குள்ள மாவாப் போயிரும்.

— கடைக்காரவுக கட்டுனாத் தனித்தான். எங்க அப்பா கடையிலயே பெறந்து வளந்தேன், எனக்கு இன்னும் நூலு சுத்தத் தெரியல.

— உங்க அண்ணன் போனதுல இருந்து இந்தப் பின் ரூமுல ஒக்காந்து வேற என்ன வேலை பாத்தேன்? ஆறு வருசமாப் பொட்டலந்தான். நீ சொல்லு, அப்புறம்?

— அப்புறம் பூவு. வெள்ளிக்கெழம ஆனாத் தலைக்குக் குளிச்சமா, பூவ வச்சமான்னு நிக்க முடியாது. அங்கன… அடச்சீ, மறுபடியும் பாருங்க. கோவிச்சுக்கிறாதீங்க மதினி.

— இதுல கோவிக்க என்ன இருக்கு. பூவும் இல்ல. அப்புறம்?

— சொல்றதக் கேளுங்க. வீட்டுக்குள்ளயே மணிக்கட்டு வரைக்கும் கையி மூடியிருக்கணும். கழுத்து தெரியக் கூடாது. தலையில எந்நேரமும் துணி. வெளிய கெளம்புனா மேல ஒரு கருப்பு அங்கி. எல்லா வீட்டுலயும் அப்பிடி இல்ல. நம்ம பக்கத்துக்காரிக பாதிப் பேரு அங்கன சுடிதாரோட கடைக்குப் போறாளுக, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. ஆனா உங்களக் கேக்குற வீடு எங்க மேடத்தோட தங்கச்சி வீடு. வயசானவுக இருக்குற வீடு. அங்கன இதெல்லாம் கறாரு.

— அந்த அங்கி கருப்பு மட்டுந்தானா?

— கருப்பு மட்டுந்தான். நமக்கெல்லாம் ஓரத்துல பூ வேலை கூட இருக்காது.

— நான் கட்டியிருக்குறது என்ன கலரு?

— இதுவா? இது… சாம்பக் கலரு.

— போன தீவாளிக்கு அத்தை எடுத்துக் குடுத்தாக. அதுக்கு முந்துன தீவாளிக்கும் இதேதான், கரை மட்டும் வேற. கருப்பு எவ்வளவோ பரவால்ல.

— அந்த ஊரு வெயில நெனச்சுப் பாருங்க. உள்ள ஒரு துணி, மேல ஒரு துணி.

— பந்தல்குடியில என்ன ஊட்டி மாதிரியா இருக்கு. மேல லாரித் தூசி வேற. அங்கன ஏசி உண்டுல்ல?

— அது உண்டு. அடுப்படியில கூட உண்டு.

— அப்புறம் என்ன. இந்த இட்லிப் பொடிய ரெண்டு கவர்ல போடுறேன், எண்ண விட்டாக் கசியும். நீ சொல்லிக்கிட்டே வா.

— வீட்டுக்கு ஆம்பளையாளுக வந்தா முன் ரூமுக்குப் போகக் கூடாது. காப்பியோ பேரீச்சம் பழமோ, தட்டுல வச்சுக் கதவோரத்துல நின்னாப் போதும். அவுக மகன் வந்து வாங்கிட்டுப் போவாரு. நீங்க எட்டிப் பாக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது.

— இந்தக் கடையில நான் முன்னால ஒக்காந்து என்னைக்காச்சும் பாத்திருக்கியா?

— கடையில அப்பா இருக்காகல்ல.

— மாமா கல்லாவுல இருக்காக. கருப்பட்டி எந்த டின்னு, கடலைப்பருப்பு எந்த மூட்டைன்னு அவுகளுக்குத் தெரியாது. உள்ள இருந்து நான் சொல்லணும். காலையில மொத யாவாரம் முடியிற வரைக்கும் சத்தம் கூட வெளிய வரக் கூடாது. அதுக்கப்புறம் சொல்லலாம். அதனால கதவோரத்துல நிக்கிறது எனக்குப் புதுசு இல்ல. அடுத்து?

— அடுத்து தொழுகை. பாய விரிச்சுத் தொழுகுறவுக முன்னாடி குறுக்க போயிறக் கூடாது. போன புதுசுல நான் போயிட்டேன். மேடத்தோட மாமியா தொழுதுக்கிட்டு இருக்காக, நான் பாட்டுக்குத் தண்ணிச் சொம்போட இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போறேன். அன்னைக்குப் பூராவும் அந்தம்மா என் கையில தண்ணி வாங்கிக் குடிக்கல.

— நான் யாருக்கும் குறுக்க போறதில்ல, லச்சுமி.

— இது வேற மதினி.

— வேறதான். ஆனாக் காலுக்கு என்ன தெரியும்? வாசல்ல வண்டி கெளம்புற சத்தம் கேட்டாலே என் காலு அப்பிடியே நின்னுரும். போறவுக தெருமுனை தாண்டுன பெறகுதான் அடுத்த அடி.

— நீங்க ஒண்ணுக்கும் பயப்பட மாட்டேங்கிறீங்க.

— நீ பயப்படுற மாதிரி ஒண்ணும் சொல்லலயே.

— நோன்பு மாசம் இருக்கு. அந்த மாசம் பூராவும் பகல்ல வெளிய ஒரு வாயித் தண்ணி குடிக்கக் கூடாது. வீட்டுலயும் அவுக கண்ணு முன்னாடி திங்கக் கூடாது. அவுக வேணாங்கல, நாமதான் மதிச்சு நடந்துக்கிடணும். அடுப்படிக் கதவச் சாத்திட்டுத் தனியா ஒக்காந்து சாப்பிடணும்.

— தனியாத்தான?

— தனியாத்தான்.

— மாசம் ஒண்ணுதான?

— ஒண்ணுதான்.

— சரி.

— சாமி படத்தச் சுவத்துல மாட்ட முடியாது. பெட்டிக்குள்ள வச்சுக் கும்பிட்டுக்கிடலாம். சூடம், பத்தி, மணி ஒண்ணும் கெடையாது. ஆனா மஸ்கட்டுல சிவன் கோயிலு இருக்கு. லீவு நாள்ல எங்க வீட்டுக்காரவுக கார்ல கூட்டிட்டுப் போவாக. அங்கன சேலை கட்டிக்கிடலாம்.

— எந்த நேரத்துலயும் போகலாமா? நல்ல நாளு, விசேச நாளுன்னு பாக்காம?

— கோயிலு தெறந்திருந்தாப் போக வேண்டியதுதான். ஏன் கேக்குறீங்க?

— இல்ல, திருச்சுழி கோயிலுக்கு மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி போயிட்டு வந்துருவேன். அப்பக் கூட்டம் இருக்காது. கல்யாண கோஷ்டி இருந்துச்சுன்னாத் திரும்பி அடுத்த பஸ்ஸுல வந்துருவேன். அதான் கேட்டேன். மஸ்கட்டுல என்னையத் தெரிஞ்ச ஆளு இருக்காதுல்ல.

— மதினி, நான் ஒண்ணு கேக்குறேன். நெசமாவே வரணும்னு இருக்கீங்களா?

— அதுக்கு முந்தி நான் ஒண்ணு கேக்குறேன். அத்தை உன்கிட்ட என்ன சொல்லி அனுப்புனாக?

— அம்மாவா? அம்மா ஒண்ணும் சொல்லலயே.

— லச்சுமி.

— ஒண்ணும் இல்லன்னா.

— நீ வந்ததுல இருந்து மூட்டை முடிச்சு எல்லாத்தையும் அருப்புக்கோட்டையில உன் மாமியா வீட்டுலதான் வச்சிருந்த. பெட்டி கட்டுறதுக்கு மட்டும் பஸ் ஏறிப் பந்தல்குடிக்கு எதுக்கு வரணும்? நீ வந்ததும் அத்தை உன்னையக் கெணத்தடிக்குக் கூட்டிட்டுப் போயிப் பேசுனாக. பேசி முடிச்சிட்டுக் கதவச் சாத்திட்டு பந்தல்குடி பூராவும் கேக்குற மாதிரி, நான் தண்ணி லாரியப் பாத்துட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போறாக.

— உங்களுக்கு எல்லாம் தெரியுது. அப்புறம் எதுக்கு என்னையக் கேக்குறீங்க.

— உன் வாயில வரட்டுமேன்னுதான்.

— பயமுறுத்தி விடுன்னாக. அங்கன கஷ்டம், துணிமணி கட்டுப்பாடு, இவளால முடியாதுன்னு சொல்லி அவ வாயாலயே வரலன்னு சொல்ல வையின்னாக. புருசன் செத்தவள அரபு நாட்டுக்குச் சம்பாதிக்க அனுப்பிட்டாகன்னு ஊரு பேசுமாம். அப்பாவுக்கும் சக்கர, கண்ணு மங்கிக்கிட்டு வருது. நீங்க போயிட்டாக் கடையில எது எங்க இருக்குன்னு சொல்ல ஆளு இல்ல. சோறு பொங்கவும் ஆளு இல்ல. அதான் உள்ளது.

— அது உள்ளதுதான். அதுக்கு ஒரு ஆளப் போடலாம்.

— நானும் சொன்னேன். வெளி ஆளு களவாங்கிருவானாம்.

— இன்னைக்குச் சாயங்காலம் பதிலு சொல்லணும்னு உன் வீட்டுக்காரரு சுந்தரபாண்டி அண்ணன் மஸ்கட்டுல இருந்து போன்ல சொன்னாக.

— ஆமா. மேடத்தோட தங்கச்சி வேற ஆளு பாத்து வச்சிருக்காக. நீங்க இல்லன்னா நாளைக்கு அந்த விசா கேரளாக்காரிக்குப் போயிரும். எங்க வீட்டுக்காரவுக போன் பண்ணும்போது நீங்களே சொல்லிருங்க, ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. என்னைய நடுவுல விட்டு அடிக்காதீங்க.

— நீ என்ன நெனைக்கிற?

— நானா? நீங்க வந்தா எனக்குத் தொணைதான். ஆனா அம்மா மூஞ்சிய யாரு பாக்குறது?

— ஞாயித்துக்கெழம என் மூஞ்சிய யாரு பாத்தீங்க?

— …சடங்கச் சொல்றீங்களா.

— உன் மகளுக்குத் தாய்மாமன் என் வீட்டுக்காரரு. அவரு இல்லன்னா அந்த முறை எனக்கு. ஜோதிகாவுக்குச் சேலை எடுத்தது நானு. வளையலு கையிக்குச் சேருதான்னு அளவு வாங்கி, அருப்புக்கோட்டை பஜாரு பூராவும் அலைஞ்சது நானு. தட்டத் தூக்கிட்டு மண்டபத்துக்குள்ள நடந்தது யாரு?

— சரஸ்வதி அக்கா.

— பக்கத்து வீட்டு சரஸ்வதி. அவளுக்கும் நமக்கும் சொந்தமா, சாதிசனமா? வாடகைக்கு இருக்கா. நான் பந்திக்குப் பின்னால சாம்பாரு வாளியோட நின்னேன். மைக்கில, தாய்மாமன் சீரு வருது, வழி விடுங்கன்னு சொல்றான். வயிறு எரிஞ்சுச்சு லச்சுமி. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. எரிஞ்சுச்சு.

— நான் பாத்தேன் மதினி. அம்மா, பெரியவுக எல்லாரும் இருக்கும்போது நான் என்னத்தப் பேச.

— உன்னையக் கொற சொல்லல. பொடிய வச்சுட்டேன். அடுத்து என்ன இருக்கு?

— அந்த வளையலுதான். ஒடையாமப் போகணும். நாலு டஜன், கண்ணாடி வளையலு, அருப்புக்கோட்டையில வாங்குனது. எங்க மேடம் ஆசப்பட்டுக் கேட்டாக.

— நல்ல செவப்பு. துண்டுக்கு நடுவுல சுத்துனா ஒடையாது. உன் பழைய துண்டு ஒண்ணு குடு.

— இந்தாங்க. சொல்றதக் கேளுங்க மதினி. அம்மா சொன்னாகன்னு மட்டும் நான் சொல்லல. துணி மாட்டுறது, தலைய மூடுறது எல்லாம் ரெண்டு வாரத்துல பழகிரும். அது இல்ல பிரச்சனை. நமக்குத் தெரிஞ்ச மாதிரியே இருக்கேன்னு நெனச்சு ஒண்ணு செய்வோம். அங்கதான் மாட்டுவோம். என் வேலையே போயிருக்கும், தெரியுமா உங்களுக்கு?

— எப்ப?

— போன வருசம். யாருட்டயும் சொல்லல, வெக்கக்கேடு. எங்க மேடத்தோட வீட்டுக்காரரு, முதலாளி, நெஞ்சு வலின்னு ஒக்காந்தாரு, அப்பிடியே போயிட்டாரு. நல்ல மனுசன். வீடே சொணங்கிப் போச்சு. மேடம் ரூமவிட்டு வெளிய வரல. கண்ணுக்கு மையி இல்ல, அத்தரு இல்ல, நகையெல்லாம் கழட்டி வச்சுட்டாக. சும்மா ஒரு பழைய துணியப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காக. வாசப்படி தாண்டல. எனக்கு எப்பிடி இருக்கும்? சரி, ஊரு வேறன்னாலும் இது நம்ம வழக்கந்தான்னு நெனச்சுட்டேன்.

— எல்லா ஊருலயும் இது ஒண்ணுதான்னு நானுந்தான் நெனைப்பேன்.

— அதான் நான் செஞ்ச தப்பு. பதினாறு முடிஞ்ச மறுநாளு, நம்ம வீடுகள்ள செய்யிற மாதிரி, அவுக பீரோவத் தெறந்தேன். பச்சை, மஞ்ச, செவப்பு, சரிகை போட்டது, கலருன்னு இருந்த துணி அம்புட்டையும் எடுத்து மூட்டை கட்டுனேன். வளையலு, அத்தரு சீசா எல்லாத்தையும் சேத்து. எடுக்கவான்னு மேடத்துட்டக் கேட்டேன். அந்தம்மா அழுதுக்கிட்டு இருந்தாக, கைய இப்பிடி ஆட்டுனாக. சரின்னு சொல்றாகன்னு எடுத்துக்கிட்டேன்.

— மூட்டைய எங்க வச்ச?

— வச்சேனா? பள்ளிவாசலு பக்கத்துல ஏழைபாழைகளுக்குத் துணி போடுற பெட்டி இருக்கு. எங்க வீட்டுக்காரவுக கார்ல ஏத்திட்டுப் போயி அதுல போட்டாக. நானும் கூடப் போனேன். போட்டுட்டு, அந்தம்மாவுக்குப் புண்ணியமாப் போகட்டும்னு ரெண்டு பேரும் பெட்டியப் பாத்துக் கும்பிட்டு வேற வந்தோம்.

— அண்ணனும் ஒண்ணும் சொல்லலயா?

— அவுகளுக்கும் நம்ம ஊருதான. நல்ல காரியம் பண்ணுனன்னாக. அதுக்கப்புறம் மேடம் ரூமுக்குள்ள போனா நான் சத்தமாச் சிரிக்க மாட்டேன். அவுக மொகம் பாக்குற கண்ணாடி மேல துணியப் போட்டு மூடி வச்சேன். மரியாதையாம் மரியாதை.

— அப்புறம்?

— ஒரு நாளு காலையில மகளுக ரெண்டு பேரும் வாராளுக. கையில சாம்பிராணித் தட்டு, இனிப்பு, புதுத் துணி. எனக்கு ஒண்ணும் புரியல. மேடம் குளிச்சிட்டு வந்தாக. பீரோவத் தெறந்தாக. ஒரு துணி இல்ல. லச்சுமி, என் பச்சைத் துணி எங்கன்னாக.

— எதுக்குக் கேட்டாக?

— போடத்தான். அவுக வேதத்துல புருசன் செத்தா நாலு மாசம் பத்து நாளு. அம்புட்டுத்தான். அது வரைக்கும் அலங்காரம் கெடையாது, வெளிய போறது கெடையாது. அது முடிஞ்சதும் குளிச்சு, அத்தரு பூசி, எந்தக் கலரு வேணும்னாலும் போட்டுக்கிட்டு எங்க வேணும்னாலும் போகலாம். மனசிருந்தா இன்னொரு கல்யாணங்கூடப் பண்ணிக்கிடலாம். யாரும் தப்பாச் சொல்ல மாட்டாக. அது எனக்குத் தெரியாதுல்ல. நான்தான் தூக்கிப் போட்டேன்னு சொன்னேன். பெரிய மக என்னைய அன்னைக்கே ஊருக்கு ஏத்துறேன்னு குதிச்சா. சின்னவ போலீசுக்குப் போன் போடுறேன்னா. எங்க வீட்டுக்காரவுக மொகம் வெளிறிப் போச்சு.

— மேடம் என்ன சொன்னாக?

— எங்க ஊருல இப்பிடித்தான் செய்வாகன்னு நான் அழுதுக்கிட்டே சொன்னேன். அந்தம்மா என்னையவே பாத்தாக. செத்தது அவருதான, நானுமா செத்தேன்னு கேட்டாக. மதினி? என்ன, வளையலக் கீழ வச்சுட்டீங்க.

— ஒண்ணும் இல்ல. சொல்லு.

— சொல்ல என்ன இருக்கு. மன்னிச்சு விட்டாக. இனிமே எங்க ஊருல இருக்கும்போது எங்க வழக்கத்தக் கேட்டுட்டுச் செய்யி, உங்க ஊரு வழக்கத்தப் பெட்டியில வச்சுக் கொண்டு வராதன்னாக. அன்னைல இருந்து நான் யாரு கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன். தாயா பிள்ளையா இருந்தாலும் போற ஊரு வழக்கந்தான் பெருசு.

— இந்தச் செவப்பு வளையலு யாருக்குன்ன?

— மேடத்துக்கு.

— புருசன் செத்துப் போன அந்த மேடத்துக்கேவா?

— அவுகளுக்குத்தான். நான் தூக்கிப் போட்டேன்ல, அதுக்குப் பதிலு உங்க ஊரு வளையலு வாங்கிட்டு வான்னு சிரிச்சுக்கிட்டே சொல்லி விட்டாக. உங்க மூஞ்சி ஏன் இப்பிடி ஆயிருச்சு? நான் இதச் சொல்லியிருக்கக் கூடாது போல.

— நல்ல வேளை சொன்ன.

— அம்மா வார சத்தம் கேக்குது. தண்ணி லாரி வந்துட்டுப் போயிருச்சு. இந்தக் கதையெல்லாம் அம்மா காதுல விழுந்தா என்னைய வெளக்குமாத்தால அடிப்பா. எதுக்கு அனுப்புனேன், நீ என்னத்தப் பேசிட்டு வந்தன்னு கேப்பா.

— வரட்டும். அத்தையும் கேக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லு. போற ஊரு வழக்கப்படிதான் நடக்கணும், நம்ம ஊரு வழக்கத்தப் பெட்டியில வச்சுக் கொண்டு போகக் கூடாதுன்னு சொன்னேல்ல?

— ஆமா. இம்புட்டு நேரமா அதத்தான தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

— இந்த வழக்கத்துக்கு மட்டும், அந்த வழக்கத்துக்கு வேணாம்னு பிரிச்சுப் பாக்க முடியாதுல்ல?

— அதெப்பிடிப் பிரிக்க? எல்லாத்துக்கும்தான்.

— அப்ப எனக்கு அந்த நாலு மாசம் பத்து நாளு என்னைக்கோ முடிஞ்சு போச்சு, லச்சுமி. அந்த வளையல்ல ஒரு டஜன இங்கிட்டுத் தள்ளு, என் கையிக்குச் சேருதான்னு பாப்போம்.